கோடையும் உடையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. இவற்றுள் உடை மானத்தைக் காப்பது. உடலுக்கு அழகு தருவது. குளிரையும் வெயிலையும் தடுப்பது. குளிர்மிக்க நாடுகளில் வாழ்வோர்க்கு உடையின் பணி எளிது. உடலின் வெப்பம் வெளியேறாதவாறு அது காத்தால் போதும். வெப்பம் மிக்க நாட்டில் வாழ்வோர்க்கோ அது இரண்டு பணிகளை ஒருங்கே ஆற்றுதல் வேண்டும். வெளியிலுள்ள வெயிலை உள்ளே புகாமல் தடுக்க வேண்டும். உள்ளேயுள்ள வெப்பத்தை வெளியே செல்லவும் விட வேண்டும். வருவோனைத் தடுத்துப் போவோனுக்கு வழிவிடும் வாயில் காப்போனைப் போன்றது அதன் நிலை. இவ்வரிய பணியை எல்லா உடையும் செய்வதில்லை. ஆதலின், கோடையில் வெளியே செல்வோர்க்கு எவ்வகை உடை தகும் என்பது ஆராய்ந்து அறியத்தக்கதாகும்.

தமிழகத்துக் கோடையின் கடுமையை அறியாதார் இலர். சித்திரைத் திங்களின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசியின் முற்பகுதி வரையுள்ள நாள்களை அக்கினி நட்சத்திரம் என்றும், கத்திரி வெயில் என்றும் மக்கள் வழங்குவர். ஆங்கிலத் திங்கள் கணக்கில் அது மே மாதம் 4-ஆம் நாளளவில் தொடங்கி, அம்மாத இறுதியை ஒட்டி முடிவது. 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சென்னை நகரில் 45 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2015-ஆம் ஆண்டுக் கோடையில் வீசிய வெப்ப அலையால் இந்திய நாட்டில் 2,000-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்களுள் மிகப் பலர் அண்டை மாநிலங்களாகிய ஆந்திரத்தையும் தெலங்கானத்தையும் சேர்ந்தோர். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களுள் ஒன்றாக அறிவித்தது. வெயில் வெறும் தொல்லை அன்று. காலமறிந்து காவாதார் உயிரையும் கொள்ளும் பகை என்பது இவற்றால் விளங்கும்.

இப்பகையை எதிர்க்க இயற்கை மக்கட்கு ஒரு கருவியை அளித்திருக்கின்றது. அதுவே வியர்வை. உடல்நலம் உடையோரின் உடல்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். உண்ட உணவு உடலில் எரிவதால் எந்நேரமும் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். அமைதியாக அமர்ந்திருப்பவர் உடலிலும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 80 கிலோ கலோரி வெப்பம் தோன்றுகின்றது. மண் வெட்டுவோர், சுமை தூக்குவோர் முதலியோர் உடலில் அது பன்மடங்காகும். இவ்வெப்பம் வெளியேறாது தங்கினால் உடல் கெடும். காற்றுக் குளிர்ந்திருக்கும்பொழுது வெப்பம் தோலிலிருந்து காற்றுக்கு எளிதில் சென்றுவிடும். தோலின் வெப்பமோ ஏறத்தாழ 35 பாகையே. காற்று அதனினும் சூடாகிவிட்டால் வெப்பம் உடலிலிருந்து காற்றுக்குச் செல்லாது, காற்றிலிருந்து உடலுக்கு வரத் தொடங்கும். அந்நிலையில் உடலுக்கு எஞ்சி நிற்கும் வழி வியர்வை ஒன்றே.

வியர்வை தோலின் மேல் தோன்றுவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். நீர் ஆவியாகும்பொழுது தான் பற்றியிருக்கும் இடத்திலிருந்து வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு செல்லும். மண்பானையில் வைத்த நீர் குளிர்வதும் இதனாலேதான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். அமர்ந்திருப்பவர் உடலில் ஏழு மணி நேரத்தில் பிறக்கும் வெப்பத்திற்கு அது ஈடாகும். ஆனால், சொட்டுச் சொட்டாக நிலத்தில் வீழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. அது உடலிலுள்ள நீரையும் உப்பையும் குறைப்பதோடு ஒழியும். எனவே, கோடை உடையைத் தேர்ந்தெடுக்கும்பொழுது முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி, ‘இவ்வுடை வியர்வையை ஆவியாக விடுமா?’ என்பதேயாகும்.

இக்கேள்விக்கு விடை நூல், நெசவு, தைப்பு என்னும் மூன்றில் அடங்கியிருக்கின்றது.

முதலாவது நூல். பருத்தி நூல் ஈரத்தை விரும்பி ஏற்கும் இயல்பினது. காற்றிலுள்ள ஈரத்தைப் பருகியே அது தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீரைத் தன்னுள் கொண்டிருக்கும். பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழையோ அரை விழுக்காடும் ஏற்பதில்லை. 1941-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட இவ்விழை, டெரிலின் என்னும் பெயரோடு இந்நாட்டில் பரவியது. கசங்காமை, விரைவில் உலர்தல், நெடுநாள் உழைத்தல் ஆகிய நலங்கள் அதற்கு உண்டு. ஆயினும், அதனை நெருக்கமாக நெய்து, உடலோடு ஒட்டத் தைத்து அணிந்தால் வியர்வை தோலுக்கும் துணிக்கும் இடையே சிறைப்பட்டுவிடும். உடல் புழுங்கும்; வேர்க்குரு தோன்றும்.

செயற்கை இழை அனைத்தும் தீது எனக் கொள்ளுதலும் பொருந்தாது. விளையாட்டு வீரர்க்கென மெல்லிய பின்னலாக இக்காலத்தில் செய்யப்படும் சில பாலியெஸ்டர் ஆடைகள் வியர்வையை வெளிப்புறத்திற்கு இழுத்து விரைவில் உலர்த்துகின்றன. நெடுந்தொலைவு ஓடுவோர்க்கு, நனைந்து கனக்கும் பருத்தியாடையைவிட அவை உதவுவதும் உண்டு. பெயரைக் கேட்டு மதிப்பிடாது, பயனைக் கண்டு மதிப்பிடுதலே அறிவுடைமையாகும்.

இரண்டாவது நெசவு. எத்துணை உயர்ந்த பருத்தியாயினும் இழைகள் இடைவெளியின்றி அடர்ந்திருந்தால் காற்றுப் புகாது. மெல்லிய நூலால் நெய்த துணியில் காற்று உலவும். இக்கலையில் தமிழர் பழங்காலத்திலேயே தேர்ந்திருந்தனர். வெட்டியெடுக்கப்படுவது என்னும் பொருளில் ஆடையை ‘அறுவை’ என்றும், துணிக்கப்படுவது என்னும் பொருளில் ‘துணி’ என்றும் அவர்கள் வழங்கினர். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு காட்சியைக் காட்டுகின்றார். வறுமையுற்ற பொருநன் ஒருவன் கரிகாற் சோழனிடம் செல்கின்றான். அவன் அணிந்திருந்தது ஈரும் பேனும் குடியிருக்கும் கந்தை, வேற்று நூலால் தைக்கப்பட்டது, வியர்வையில் ஊறியது. அரசன் அக்கந்தையைக் களையச் செய்து, இழை போன வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பூத்தொழில் ஆடையை அளிக்கின்றான். அது பாம்பின் உரியைப் போன்று மெல்லியதாக இருந்தது என்பது புலவர் கூற்று. வருந்தி வந்தவனுக்கு உணவு மட்டுமன்றி, உடலுக்கு இதம் தரும் உடையும் வேண்டும் என்று உணர்ந்த அரசனின் உள்ளம் போற்றத்தக்கதன்றோ!

மூன்றாவது தைப்பு. உடலை இறுக்கும் உடையினும் தளர்ந்த உடை கோடைக்கு ஏற்றது. உடைக்கும் உடலுக்கும் இடையே காற்று உலவ இடம் இருந்தால், நடக்கும்பொழுதெல்லாம் துணி அசைந்து விசிறியைப் போல் உதவும். ஈரக்காற்று வெளியேறி உலர்ந்த காற்று உள்ளே வரும். வேட்டியும் புடவையும் தளர்ந்த சட்டையும் இந்நாட்டில் நிலைபெற்றமைக்கு வழக்கம் மட்டும் காரணம் அன்று. தட்பவெப்பமும் ஒரு காரணமாகும்.

இனி, நிறத்தைப் பற்றிய ஓர் ஐயம் எழும். வெண்மை வெயிலைத் திருப்பிவிடும், கருமை அதனை ஈர்த்துக்கொள்ளும் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த உண்மை. அங்ஙனமாயின், கொடிய பாலைவனத்தில் வாழும் பெதாவின் மக்களுட் சிலர் கருநிற அங்கி அணிவது ஏன்? இதனை அறிய நெகேவ் பாலைவனத்தில் அறிவியலார் சிலர் ஓர் ஆய்வு நடத்தினர். அதன் முடிவு 1980-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் இதழில் வெளிவந்தது. கரிய அங்கி வெள்ளை அங்கியைவிட மிகுதியான வெப்பத்தை ஈர்த்தது உண்மையே. எனினும், உடலைச் சென்றடைந்த வெப்பம் இரண்டிலும் ஒத்த அளவாகவே இருந்தது. கரிய துணி ஈர்த்த மிகை வெப்பம் தோலை எட்டுமுன், தளர்ந்த அங்கியினுள் உலவிய காற்றோடு வெளியேறிவிட்டது. இதனால் அறியப்படுவது யாது? நிறத்தினும் தளர்ச்சி சிறந்தது. உடலை இறுகப் பற்றிய கருநிற உடை கோடைக்குச் சிறிதும் ஆகாது. தளர்ந்த வெண்ணிற உடையோ எவர்க்கும் நலம் தரும்.

வெயிலில் வெப்பத்தோடு கலந்து வரும் வேறொரு தீங்கும் உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர். தோலைக் கருக்குவதும், நாளடைவில் அதனைக் கெடுப்பதும், கண்ணில் புரை வளர்தற்குத் துணைபோவதும் அக்கதிரே. மிக மெல்லிய வெள்ளைத் துணி அக்கதிரை முழுதும் தடுப்பதில்லை; நனைந்துவிட்டால் பின்னும் குறைவாகவே தடுக்கும். வெயில் நேரே படும் தோளுக்கும் கைக்கும் இடைத்தரமான நெசவுடைய முழுக்கைச் சட்டையே தக்கது. கையில்லாச் சட்டை காற்றுக்கு நல்லதெனினும் கதிருக்கு நல்லதன்று. நிழலில் இருப்போர் உடலைத் திறந்து வைக்கலாம். வெயிலில் செல்வோர் மூடிக்கொள்ளுதலே வேண்டும்.

இவ்வுண்மையை நூல் கல்லாமலே உணர்ந்தோர் உழவர் பெருமக்கள். நண்பகல் வெயிலில் களை பறிக்கும் பெண்கள் புடவையின் மேல் ஆடவரின் பழைய முழுக்கைச் சட்டையை அணிந்திருப்பதை எவ்வூரிலும் காணலாம். தலையில் துண்டையோ புடவைத் தலைப்பையோ அவர்கள் சுற்றியிருப்பர். சாலை போடுவோரும் அவ்வாறே செய்வர். தூத்துக்குடி, வேதாரணியம் ஆகிய இடங்களில் உப்பளத்தில் உழைப்போர்க்கு வானிலிருந்து வரும் வெயிலோடு வெள்ளிய உப்பின் மேற்பட்டுத் திரும்பும் ஒளியும் பகையாகும். அவர்களும் கை கால்களை மூடி, தலையைச் சுற்றி மறைத்தே பணி செய்கின்றனர். நகர மாந்தர் அக்கோலத்தைக் கண்டு நகைப்பதும் உண்டு. நகைப்போர் அறியாதது, அக்கோலத்தில் பல தலைமுறையின் பட்டறிவு பொதிந்திருக்கின்றது என்பதே.

தலைக்குக் காப்பாக இம்மக்கள் கையாளும் பருத்தித் துண்டின் பயன் சொல்லி முடியாது. நீரில் நனைத்துப் பிழிந்து தலையில் கட்டினால் அது மண்பானையைப் போலவே குளிர்ச்சி தரும். வியர்வை துடைக்கும், வேண்டும்பொழுது தோளை மறைக்கும். பனையோலைத் தொப்பியும் அகன்ற விளிம்புடைய துணித் தொப்பியும் முகத்திற்கும் கழுத்திற்கும் நிழல் தருவன. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அதிகாரிகள் நெட்டியால் செய்த தொப்பியை அணிந்து வெயிலைத் தடுத்தனர். குடையோ தன்னோடு எடுத்துச் செல்லும் நிழல். வெயிலுக்குக் குடை பிடித்தலை நாணத்தக்கதாக இளைஞர் சிலர் எண்ணுவது பேதைமையாகும்.

காலையும் மறத்தலாகாது. காற்றின் வெப்பம் 40 பாகையாக உள்ள நாளில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகையைக் கடக்கும். வெறுங்காலோடு நடப்போர்க்கு அடி கொப்புளிக்கும். காற்றுப் புகும் செருப்பு நன்று. மூடிய காலணி அணியவேண்டி நேர்ந்தால் பருத்தி உறையை நாள்தோறும் துவைத்து அணிதல் வேண்டும்.

இவ்வளவும் அறிந்தும் மக்கள் கோடையில் தகாத உடையை உடுத்துவது ஏன்? பிறர் மதிப்பை வேண்டியே பலர் அவ்வாறு செய்கின்றனர். குளிர்நாட்டார் தம் நாட்டுக்கு ஏற்றதாகக் கண்ட கோட்டும் கழுத்துப் பட்டியும் இந்நாட்டில் பதவியின் அடையாளமாயின. காந்தியடிகள் 1917-ஆம் ஆண்டில் செய்தித்தாள் ஒன்றுக்கு எழுதிய மறுமொழியில், இந்தியரின் உடையே இந்நாட்டுத் தட்பவெப்பத்திற்கு மிக ஏற்றது என்றும், எளிமையிலும் அழகிலும் விலைக்குறைவிலும் சிறந்தது என்றும் விளக்கினார். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரையில் அவர் அரையாடை பூண்டது ஏழை மக்களோடு ஒன்றுபடுதற்பொருட்டு. பதவியும் பகட்டும் உடையில் இல்லை என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

பிற நாட்டாரும் இவ்வுண்மையை ஏற்று வருகின்றனர். ஜப்பானிய அரசு 2005-ஆம் ஆண்டில், கோடைக்காலத்தில் அலுவலர்கள் கோட்டும் கழுத்துப் பட்டியும் இன்றிப் பணிக்கு வரலாம் என்றும், அறையைக் குளிர்விக்கும் பொறியை 28 பாகை அளவில் நிறுத்துதல் வேண்டும் என்றும் ஓர் இயக்கம் தொடங்கியது. உடை மாறியதால் மின்னாற்றலும் மிச்சமாயிற்று. இந்நாட்டு வழக்கறிஞர்க்குரிய விதிகளிலும், உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாகப் பிற நீதிமன்றங்களில் கோடையில் கருப்புக் கோட்டு கட்டாயம் இல்லை என்னும் விலக்கு இடம்பெற்றிருக்கின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தம் உடையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோர்க்கும் இல்லை. பள்ளிச் சிறுவர், காவலர், கடை ஊழியர், வாயில் காப்போர் ஆகியோர் பிறர் வகுத்த சீருடையை அணிகின்றனர். குளிரூட்டிய அறையில் அமர்ந்து சீருடையை வகுப்போர், அதனை வெயிலில் நின்று அணிவோரின் உடலை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று சீருடை அணியும் மாணவர் நாளை அதனை வகுக்கும் இடத்தில் அமரக்கூடும். அன்று அவர் நினைவிற் கொள்ள வேண்டிய அறம் இது.

துணிக்கடைக்குச் செல்லும் மாணவர் நல்ல கோடைத் துணியை அறிய மூன்று எளிய சோதனைகள் உள. துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று எளிதில் மறுபுறம் செல்லுதல் வேண்டும். வீட்டிலுள்ள பழந்துணியின் மேல் ஒரு துளி நீர் விட்டால் அது முத்துப்போல் நில்லாது உடனே பரவுதல் வேண்டும். துணியை வெயிலுக்கு எதிரே பிடித்தால் மறுபுறத்துப் பொருள்கள் தெளிவாகத் தெரிதலாகாது. மூன்றிலும் தேறிய துணியைச் சற்றுத் தளரத் தைத்து அணிவோர், சித்திரைத் திருவிழாவுக்கோ சுற்றுலாவுக்கோ அச்சமின்றிச் செல்லலாம்.

எனினும், உடை ஒன்றே போதும் என்று இறுமாத்தல் தவறு. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அதனால் வேலூரில் 40 பாகை வெப்பத்தைத் தாங்குவோர், சென்னையில் 36 பாகையிலேயே சோர்வடைதல் கூடும். அத்தகைய நாள்களில் நிழலும் நீரும் ஓய்வுமே உற்ற துணை. நண்பகல் முதல் மூன்று மணி வரை வெளியே செல்லாமை நலம். தாகம் தோன்றுமுன்னரே நீர் அருந்துதலும், உப்பிட்ட நீர்மோர் பருகுதலும் வேண்டும். உடல்வெப்பம் 40 பாகையை எட்டி, ஒருவர் பிதற்றினாலும் மயங்கி வீழ்ந்தாலும் அது உயிர்க்கு இடரான வெப்பத்தாக்கு. உடனே அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே, 108 என்னும் எண்ணில் மருத்துவ ஊர்தியை அழைத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

அவ்வேளையில் முதலுதவி செய்வோர் முதலில் தளர்த்துவது உடையையே. துன்பம் வந்தபின் தளர்த்துவதை அது வருமுன்னரே தளர்த்திக்கொள்ளுதல் அறிவுடையார் செயல். காண்போர் கண்ணுக்காக உடுத்தாமல், உழைக்கும் உடலுக்காக உடுத்துவோர் கோடையை வெல்வர். களை பறிக்கும் தாயின் பழைய சட்டை அவ்வெற்றிக்குச் சான்று கூறும்.